டெர்மினலில் பிஎச்பி 8.3, பிரவுசரில் 8.1: எது உண்மை?

மழைக்குருவி

எல்லாருக்கும் வணக்கம். உபுண்டு 22.04 சர்வர், எஞ்சின்எக்ஸ் வெப் சர்வர், அதுல லாராவெல்ங்கிற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்ல எழுதின ஒரு அப்ளிகேஷன். லாராவெல் 11க்கு மாறுறோம், அதுக்குக் குறைஞ்சது பிஎச்பி 8.2 வேணும். உபுண்டு 22.04 கூட வர்றது 8.1. அதனால ஒந்த்ரேய் சூரியோட பிபிஏவைச் (உபுண்டுவுக்கு வெளியே பேக்கேஜ் தர்ற தனி ரெப்போ) சேர்த்து 8.3 போட்டோம்.

டெர்மினல்ல "பிஎச்பி -வி" அடிச்சா 8.3ன்னு காட்டுது. பிஎச்பி பேக்கேஜ்களை இறக்குற கம்போசர் இன்ஸ்டாலும் ஒரு எச்சரிக்கை கூட இல்லாம முடிஞ்சது. ஆனா பிரவுசர்ல தளத்தைத் திறந்தா 500. லாக்ல, கம்போசர் பேக்கேஜ்களுக்கு 8.2க்குக் குறையாத பிஎச்பி வேணும், இப்போ ஓடுறது 8.1ன்னு இருக்கு. ரீபூட்டும் பண்ணியாச்சு, மாற்றம் இல்லை. ஒரே மெஷின்ல ரெண்டு பதில் எப்படி வருது? எதை நம்புறது?

ரூட்வாசி

ரெண்டுமே உண்மை, மழைக்குருவி. "இந்த சர்வர்ல என்ன வெர்ஷன்" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஓடுற ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனி பதில். டெர்மினல்ல உங்களுக்குப் பதில் சொன்னது கமாண்ட் லைன் பிஎச்பி. பிரவுசருக்குப் பதில் சொல்றது எஃப்பிஎம், அதாவது வெப் சர்வருக்காகப் பின்னணியில பிஎச்பியை ஓட்டுறது. அது வேற பைனரி, வேற சர்வீஸ், அதுக்குத் தனி ஐஎன்ஐ (அமைப்பு) ஃபைல்.

டெபியன், உபுண்டுல /யூஎஸ்ஆர்/பின்/பிஎச்பி என்பது வெறும் சிம்லிங்க் (இன்னொரு ஃபைலைச் சுட்டுற குறுக்குவழி). அது /இடிசி/ஆல்டர்நேட்டிவ்ஸ்/ உள்ளே இருக்கும் இன்னொரு சிம்லிங்குக்குப் போய், அங்கிருந்து நிஜமான பிஎச்பி8.1 அல்லது பிஎச்பி8.3க்குப் போகும். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு, ஆட்டோ மோடில் பெரிய எண் ஜெயிக்கும். நீங்க 8.3 போட்டதுமே டெர்மினல் மாறினது அதனாலதான். எஞ்சின்எக்ஸ் இந்த சிம்லிங்கைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதோட கான்ஃபிக்ல எந்த சாக்கெட் (பிராசஸ்கள் பேசிக்கிற வாயில்) எழுதியிருக்கோ அங்கேதான் போகும்.

கீழே உள்ளதைப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. இப்போதைக்கு எதையும் மாத்த வேண்டாம்.

"எஞ்சின்எக்ஸ் -டி" (பெரிய டி) ஓட்டினா முழு கான்ஃபிக்கும் கொட்டும். அதுல ஃபாஸ்ட்சிஜிஐ_பாஸ் வரிகளை மட்டும் கிரெப் பண்ணுங்க. அப்புறம் /ரன்/பிஎச்பி/ ஃபோல்டர்ல என்னென்ன சாக்கெட் இருக்குன்னு எல்எஸ் போடுங்க. கடைசியா, ஓடிக்கிட்டிருக்கும் எஃப்பிஎம் மாஸ்டரோட பிஐடியை (பிராசஸ் எண்) எடுத்து, /ப்ராக்/அந்த எண்/எக்ஸ்இ எங்கே போகுதுன்னு ரீட்லிங்க் பண்ணுங்க. ஷெல் சொல்றது, பேக்கேஜ் லிஸ்ட் சொல்றது எல்லாம் ஊகம். இந்தச் சிம்லிங்க்தான் கெர்னல் சொல்ற சாட்சி.

மழைக்குருவி

நன்றி அண்ணா. எஞ்சின்எக்ஸ்ல பிஎச்பி8.1-எஃப்பிஎம்.சாக்னு இருக்கு. ரன் ஃபோல்டர்லயும் 8.1 சாக்கெட் மட்டும்தான். பிராசஸ் /யூஎஸ்ஆர்/எஸ்பின்/பிஎச்பி-எஃப்பிஎம்8.1ஐக் காட்டுது. 8.3 எஃப்பிஎம் எங்கேயுமே இல்லை.

டீம்ல ஒருத்தர், கம்போசர்.ஜேசன்ல பிளாட்ஃபார்ம்-செக்கை ஃபால்ஸ் ஆக்கினா இந்த எரர் போயிடும்னு சொல்றார். தளம் கீழே கிடக்குறதால அதை முதல்ல செய்யலாமா?

கருவிப்பெட்டி

தயவுசெஞ்சு செய்யாதீங்க. அந்தச் சோதனை இப்போ உங்களுக்கு நல்லது பண்ணிக்கிட்டிருக்கு.

நடந்தது இதுதான். கம்போசரை நீங்க டெர்மினல்ல ஓட்டினீங்க. அது 8.3ல ஓடினதால 8.3க்குப் பொருந்துற பேக்கேஜ்களைத் தேர்ந்தெடுத்து, வெண்டார்/கம்போசர் உள்ளே பிளாட்ஃபார்ம்_செக் என்று ஒரு ஃபைலை எழுதி வெச்சது. கம்போசர் 2 வந்ததிலிருந்து இந்த வழக்கம் உண்டு. ஆட்டோலோட் ஆகும்போதெல்லாம் அந்த ஃபைல், இப்போ ஓடுற பிஎச்பியைப் பார்த்து, சின்னதா இருந்தா நிறுத்திடும். அதைத் தூக்கிட்டா தளம் எழுந்துடாது. ரீட்ஒன்லி கிளாஸ் மாதிரி 8.2ல வந்த இலக்கணம் ஏதாவது ஒரு பேக்கேஜுக்குள்ள இருக்கும், அது 8.1ல பார்ஸ் எரர் ஆகும். அதுவும் எல்லாப் பக்கத்திலும் ஆகாது. அந்த கிளாஸ் லோட் ஆகுற பக்கத்துல மட்டும், பாதி வேலை நடந்தபிறகு வெடிக்கும். தெளிவா ஒரே இடத்துல நிக்குற எரரைக் கொடுத்துட்டு, எங்கே எப்போன்னு தெரியாத எரரை வாங்கிக்காதீங்க. --இக்னோர்-பிளாட்ஃபார்ம்-ரெக்ஸுக்கும் இதே பதில்தான்.

உங்களுக்கு விட்டுப்போனது 8.3 எஃப்பிஎம் பேக்கேஜ்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பிஎச்பி8.3-எஃப்பிஎம்

பேரைக் கவனமா டைப் பண்ணுங்க. வெறும் "பிஎச்பி8.3"ன்னு கொடுத்தா, 8.3 எஃப்பிஎம் இல்லாத மெஷின்ல அது அப்பாச்சின்ற இன்னொரு வெப் சர்வரையே இழுத்துட்டு வந்துடும். 80வது போர்ட்டுக்கு எஞ்சின்எக்ஸும் அப்பாச்சியும் மல்லுக்கட்டும், நீங்க வேற எங்கேயோ தேடிக்கிட்டிருப்பீங்க.

எஞ்சின்எக்ஸைத் தொடுறதுக்கு முன்னாடி எக்ஸ்டென்ஷன் வேலையை முடிங்க. "பிஎச்பி8.1 -எம்", "பிஎச்பி8.3 -எம்" ரெண்டையும் ஓட்டி, வர்ற லிஸ்ட்டை டிஃப் போட்டுப் பாருங்க. மைஎஸ்க்யூஎல், எக்ஸ்எம்எல், எம்பிஸ்ட்ரிங், கர்ல், ஜிப், இன்டில், ஜிடி: இதுல எது குறையுதோ அதை பிஎச்பி8.3- என்ற முன்னொட்டோட இன்ஸ்டால் பண்ணுங்க. 8.1க்குப் போட்டது 8.3க்குத் தானா வராது.

மழைக்குருவி

டிஃப்ல ரெடிஸும் குறையுது. அதை முன்னாடி பெக்கல் (பிஎச்பி எக்ஸ்டென்ஷன்களைக் கட்டுற கருவி) வழியா யாரோ போட்டிருக்காங்க. /யூஎஸ்ஆர்/லிப்/பிஎச்பி/20210902/ ஃபோல்டர்ல ரெடிஸ்.எஸ்ஓ இருக்கு. அதையே 20230831 ஃபோல்டருக்குக் காப்பி பண்ணினா போதுமா?

கருவிப்பெட்டி

போதாது. அந்த ஃபோல்டர் பேர்கள் எக்ஸ்டென்ஷன் ஏபிஐயோட அடையாள எண்கள். 8.1க்கு 20210902, 8.2க்கு 20220829, 8.3க்கு 20230831. உள்ளுக்குள்ள இருக்கும் சி ஸ்ட்ரக்சர்கள் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும். அதனால ஒரு வெர்ஷனுக்கு கம்பைல் பண்ணின எஸ்ஓ ஃபைலை இன்னொண்ணு ஏத்துக்காது. காப்பி பண்ணினா, ரெண்டு ஏபிஐ எண்ணையும் பக்கத்துல பக்கத்துல எழுதி, இவை பொருந்தணும்னு சொல்லிட்டு அதை லோட் பண்ணாமலே விட்டுடும்.

பிஎச்பி8.3-ரெடிஸ் அதே பிபிஏவுல பேக்கேஜாவே இருக்கு, அதைப் போடுங்க. பேக்கேஜே இல்லாத ஒரு எக்ஸ்டென்ஷனை பெக்கல்ல கட்டித்தான் ஆகணும்னா, அதைக் கட்ட உதவுற பிஎச்பிஐஸ், பிஎச்பி-கான்ஃபிக் ரெண்டும் எந்த வெர்ஷனைக் காட்டுதுன்னு முதல்ல பாருங்க. அவை ஆல்டர்நேட்டிவ்ஸ்ல தனித்தனி பதிவுகள். பிஎச்பி 8.3ல இருக்க, பிஎச்பிஐஸ் 8.1லயே தங்கிடுறது ரொம்ப சகஜம்.

ரூட்வாசி

இன்னொரு இடமும் உண்டு, அதுதான் அதிகமா அடி வாங்க வைக்கும். /இடிசி/பிஎச்பி/8.1/எஃப்பிஎம்/ உள்ளே இத்தனை காலமா மாத்தின எல்லாம் அங்கேயே நின்னுடும். 8.3 தன்னோட சொந்த டிஃபால்ட்டோட பிறக்கும். அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் திரும்ப 2 எம்பி, போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் 8 எம்பி. எஃப்பிஎம் எத்தனை பிராசஸ் ஓட்டலாம்னு சொல்ற பூல் ஃபைல்ல பிஎம்.மேக்ஸ்_சில்ட்ரன் 5. முகப்புப் பக்கம் அழகாத் திறக்கும், எல்லாரும் முடிஞ்சதுன்னு எழுந்து போவாங்க. கூட்டம் ஏறும்போது தளம் தவழ ஆரம்பிக்கும், இல்லேன்னா யாரோ ஒருத்தர் பெரிய பிடிஎஃப் ஏத்தும்போது தோத்துப்போகும். வெர்ஷன் மாத்தினதுதான் காரணம்னு அப்போ யாருக்கும் தோணாது.

அதனால பழைய ஐஎன்ஐயை அப்படியே மேலே ஒட்டாம, ரெண்டையும் டிஃப் பண்ணி, நீங்க வேணும்னு மாத்தின வரிகளை மட்டும் கொண்டுவாங்க. டபிள்யூடபிள்யூடபிள்யூ.கான்ஃப் பூல் ஃபைலுக்கும் அதே. எஃப்பிஎம் பூல்ல தனி யூசர் போட்டிருந்தா அதையும் பாருங்க, இல்லேன்னா ஸ்டோரேஜ் ஃபோல்டர்ல பர்மிஷன் எரர் கொட்டும்.

இதெல்லாம் முடிஞ்ச பிறகு எஞ்சின்எக்ஸ் கான்ஃபிக்ல சாக்கெட் பேரை மாத்தி, சின்ன "-டி" சோதனையை ஓட்டி, பிழை இல்லேன்னா ரீலோட். ரீஸ்டார்ட் வேண்டாம். 8.1 எஃப்பிஎம் ஓடிக்கிட்டே இருக்கட்டும். ரெண்டு சாக்கெட்டும் பக்கத்துல பக்கத்துல உயிரோட இருக்குறதால, சிக்கல் வந்தா அந்த ஒரே வரியைத் திருப்பிப் போட்டு மறுபடி ரீலோட் பண்ணினா போதும்.

தனிவழி

இத்தனை சுத்து எதுக்கு? டாக்கர்ல (அப்ளிகேஷனைத் தனிக் கன்டெய்னரா ஓட்டுற கருவி) போட்டா அப்ளிகேஷனோட அதன் பிஎச்பியும் ஒரே இமேஜ்ல போயிடும். கமாண்ட் லைன் ஒண்ணு, வெப் ஒண்ணு என்ற பிரச்சனையே வராது. இன்னும் ஆல்டர்நேட்டிவ்ஸோட மல்லுக்கட்டுறது எனக்குப் புரியலை.

ரூட்வாசி

கன்டெய்னர் நல்ல வழிதான், புது வேலைக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனா கீழே கிடக்குற தளத்தை எழுப்புற நேரத்துல கன்டெய்னருக்கு மாறச் சொல்றது சரியான நேரம் இல்லை. லாக், ஃபைல் பர்மிஷன், கிரான் (நேரம் வெச்சு ஓடுற வேலைகள்), பேக்கப் எல்லாத்தையும் ஒரே சமயத்துல மாத்த வேண்டியிருக்கும்.

அதோட, வெர்ஷன் முரண் அங்கேயும் வரும். அஃபீஷியல் இமேஜ்ல கமாண்ட் லைன் டேக் வேற, எஃப்பிஎம் டேக் வேற. வெப் கன்டெய்னருக்கு 8.3-எஃப்பிஎம்னும் வொர்க்கர் கன்டெய்னருக்கு வெறும் 8-சிஎல்ஐன்னும் எழுதினவங்க நிறைய பேர். அடுத்த பில்ட்ல ரெண்டாவது மட்டும் அடுத்த மைனர் வெர்ஷனுக்கு நழுவிப் போயிடும். மைனர் எண் வரைக்கும் எழுதுங்க, ரெண்டையும் ஒரே இடத்திலிருந்து எடுக்குற மாதிரி வைங்க. அப்படிச் செஞ்சா உங்க வழி ரொம்ப நல்ல வழி.

தனிவழி

மைனர் எண் விஷயம் சரி, ஒத்துக்கறேன்.

நூலேணி

நான் வேறொரு கேள்வி கேட்கிறேன். மூன்றாம் தரப்பு பிபிஏ அவசியமா? உபுண்டு 24.04இல் பிஎச்பி 8.3 தன்னுடைய ரெப்போவிலேயே இருக்கிறது, அதற்கு 2029 வரை ஸ்டாண்டர்ட் சப்போர்ட் உண்டு. பிஎச்பி திட்டம் 8.3க்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவது 2027 இறுதி வரைதான். அதன்பிறகும் உபுண்டு பாதுகாப்புக் குழு திருத்தங்களை எடுத்துவந்து சேர்க்கும். பணம் கையாளும் சர்வராக இருந்தால் நான் ஓஎஸ்ஸை மேம்படுத்தத்தான் சொல்வேன்.

கருவிப்பெட்டி

நீண்ட நாளுக்கு நீங்க சொல்றது சரி, நூலேணி. அதே சமயம் ஒந்த்ரேய் சூரி டெபியனோட பிஎச்பி பேக்கேஜையே பராமரிக்கிறவர், அந்த பிபிஏ ஏதோ முகவரி தெரியாத ரெப்போ இல்லை. எனக்கு அதுல இருக்கும் கவலை வேற. பல வெர்ஷன்கள் அங்கே ஒண்ணா இருக்கு. எண் இல்லாத பேரை, உதாரணமா வெறும் "பிஎச்பி-ரெடிஸ்"ன்னு இன்ஸ்டால் பண்ணினா, அது இருக்குறதுலயே புது வெர்ஷனோட கமாண்ட் லைனையும் இழுத்துட்டு வரும். ஆட்டோ மோட்ல இருக்கும் சிம்லிங்க் உடனே அதுக்குத் தாவிடும். நேத்து வரைக்கும் 8.3ன்னு சொன்ன டெர்மினல் காலையில் அதைவிடப் புது எண்ணைச் சொல்லும்.

அதனால பிபிஏ வெச்சிருக்குறவங்க ரெண்டு பழக்கம் வெச்சுக்கணும். பேக்கேஜ் பேர்ல எப்பவும் எண்ணைச் சேர்க்கணும். ஆல்டர்நேட்டிவ்ஸை மேனுவல் மோட்ல நிறுத்தணும்:

சூடோ அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --செட் பிஎச்பி /யூஎஸ்ஆர்/பின்/பிஎச்பி8.3

பச்சைமுனையம்

இழைக்குள்ள குறுக்கிடுறதுக்கு மன்னிக்கணும். இதே ஆல்டர்நேட்டிவ்ஸ் வழியில எங்க 22.04 சர்வர்ல பைத்தான்3ஐ 3.12க்கு மாத்தியிருக்காங்க. இப்போ ஆப்ட் அப்டேட் ஓட்டினா ஆப்ட்_பிகேஜி மாட்யூல் இல்லைன்னு கடைசியில எரர். ஆட்-ஆப்ட்-ரெப்போசிட்டரியும் வேலை செய்யலை. பிஎச்பிக்குச் சரியான வழி பைத்தானுக்கு ஏன் இப்படி ஆகுது?

ரூட்வாசி

நல்ல இடத்துல கேட்டீங்க. வெளியில ஒண்ணா தெரிஞ்சாலும் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. பிஎச்பி இல்லாம உபுண்டு வாழும், பைத்தான் இல்லாம வாழாது. /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 உங்களுடையது இல்லை, ஓஎஸ்ஸுடையது. 22.04ல அது 3.10ஆத்தான் இருக்கணும். ஆப்ட் என்ற புரோகிராம் சி++ல எழுதினது, அதனால பாதி வேலை நடக்கும். ஆனா அதைச் சுத்தி இருக்கும் ஹூக், பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகும்போது ஓடும் ஸ்கிரிப்ட் பலதும் பைத்தான். ஆப்ட்_பிகேஜி 3.10க்காகக் கட்டின ஒரு எஸ்ஓ ஃபைல், 3.12 அதைத் தேடவே தேடாது.

அந்த எஸ்ஓவுக்கு 312ன்னு பேர் வெச்சு லிங்க் போடச் சொல்லி நிறைய பதில் உலவுது. வேண்டாம். மேலே ரெடிஸுக்குச் சொன்ன காரணமேதான். இப்படிச் செய்ங்க:

முதல்ல "அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --ரிமூவ்-ஆல் பைத்தான்3". இது அந்தச் சிம்லிங்கையும் சேர்த்து எடுத்துடும், பயப்படாதீங்க. உடனே "எல்என் -எஸ்எஃப் பைத்தான்3.10 /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3". ரெண்டும் சூடோவோட. அப்புறம் "டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ" ஓட்டி, பாதியில நின்ன பேக்கேஜ் இருந்தா முடிச்சுடுங்க.

உங்க அப்ளிகேஷனுக்கு 3.12 வேணும்னா, அதைப் பக்கத்துலயே வெச்சுக்கலாம். பைத்தான்3.12ன்னு முழுப் பேர்ல கூப்பிட்டு ஒரு வென்வ் (அப்ளிகேஷனுக்கான தனி பைத்தான் சூழல்) உருவாக்குங்க. சோர்ஸ்ல இருந்து கட்டினா "மேக் இன்ஸ்டால்" வேண்டாம், "மேக் ஆல்ட்இன்ஸ்டால்". அது எண் இல்லாத பேரைத் தொடாது. சிஸ்டம்டி யூனிட்ல (சர்வீஸை எப்படிக் கிளப்பணும்னு சொல்ற ஃபைல்) வென்வுக்குள்ள இருக்கும் பின் ஃபோல்டரோட முழுப் பாத்தை எக்ஸெக்ஸ்டார்ட்ல எழுதுங்க, ஆக்டிவேட் எல்லாம் தேவையே இல்லை.

பச்சைமுனையம்

ஆப்ட் சுத்தமா ஓடுது, ரொம்ப நன்றி. பழைய வென்வையே 3.12க்கு மாத்த முடியுமா?

ரூட்வாசி

புதுசா கட்டுங்க. பேக்கேஜ்கள் லிப்/பைத்தான்3.10/சைட்-பேக்கேஜஸ்ல இருக்கு, 3.12 அந்த ஃபோல்டரைப் பார்க்காது. பிப் ஃப்ரீஸ் எடுத்து, புது வென்வ்ல இன்ஸ்டால் பண்ணி, டெஸ்ட் ஓட்டிட்டு, யூனிட் ஃபைலை அதுக்குத் திருப்புங்க. 3.12ல டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்பட்டுடுச்சு, பழைய பேக்கேஜ் ஏதாவது அதைக் கேட்டா அந்தப் பேக்கேஜைப் புதுப்பிக்கணும்.

மழைக்குருவி

தளம் எழுந்துடுச்சு. எஃப்பிஎம் போட்டு, எக்ஸ்டென்ஷன் டிஃப் காலியாகுற வரைக்கும் சேர்த்து, ஐஎன்ஐ வரிகளைக் கொண்டுவந்து, சாக்கெட்டை மாத்தினோம். பிரவுசர்லயும் 8.3 காட்டுது. அப்லோட் அளவு உண்மையிலேயே 2 எம்பிக்குப் போயிருந்திருக்கும், முன்கூட்டியே சொன்னதுக்கு நன்றி அண்ணா.

ஆனா மெயில் போகலை. மெயில் மாதிரி வேலைகளைப் பின்னணியில செய்யுற க்யூ வொர்க்கர் லாக்ல பழைய 8.1 எரரே வந்துக்கிட்டிருக்கு.

கருவிப்பெட்டி

அந்த வொர்க்கரை ஓட்டிப் பார்த்துக்கிற சூப்பர்வைசரோட கான்ஃபிக்ல கமாண்ட் வரியைப் பாருங்க. /யூஎஸ்ஆர்/பின்/பிஎச்பி8.1ன்னு எழுதியிருப்பாங்க. அதை 8.3 ஆக்கி, சூப்பர்வைசர்சிடிஎல்ல ரீரீட், அப்டேட். அப்டேட் கொடுத்தா மாறின புரோகிராமை அதுவே நிறுத்தி மறுபடி கிளப்பும். ஒருவேளை வெறும் "பிஎச்பி"ன்னு இருந்தாலும், சிம்லிங்க் மாறுறதுக்கு முன்னாடி கிளம்பின பிராசஸ் பழைய பைனரியிலேயே ஓடிக்கிட்டிருக்கும். லாராவெல்ல ஆர்ட்டிசான் க்யூ:ரீஸ்டார்ட் கொடுத்தா கையில இருக்கும் வேலையை முடிச்சுட்டு நிக்கும், சூப்பர்வைசர் புதுசா எழுப்பும்.

8.1ஐ நீக்குறதுக்கு முன்னாடி, /இடிசி முழுக்க "பிஎச்பி8.1" என்ற சொல்லை கிரெப் பண்ணுங்க. யூசர்களோட கிரான்டேப் /வார்/ஸ்பூல்/கிரான் கீழே இருக்கும், அங்கேயும். லாக்ரொட்டேட், பேக்கப் ஸ்கிரிப்ட், டிப்ளாய் ஸ்கிரிப்ட் எதையும் விடாதீங்க.

மழைக்குருவி

8.1தான் எழுதியிருந்தது. கிரான்ல ரெண்டு வரி, டிப்ளாய் ஸ்கிரிப்ட்ல எஃப்பிஎம் ரீலோட் வரி ஒண்ணு, எல்லாத்தையும் மாத்தியாச்சு. அந்த டிப்ளாய் வரியை விட்டிருந்தா, புது கோட் போன பிறகு பழைய எஃப்பிஎம்மை ரீலோட் பண்ணியிருக்கும். மெயில் போகுது. இந்த வாரம் லாக் அமைதியா இருந்தா 8.1 எஃப்பிஎம்மை முதல்ல டிசேபிள் மட்டும் பண்ணிட்டு, அப்புறம் பர்ஜ் பண்றோம்.

நூலேணி

இதே இழையில் நோட் (ஜாவாஸ்கிரிப்ட் ரன்டைம்) பற்றி ஒரு கேள்வி. டெர்மினலில் 22 காட்டுகிறது. சிஸ்டம்டி வழியாக ஓட்டினால், ஒரு நேட்டிவ் மாட்யூல் 127 என்ற மாட்யூல் வெர்ஷனுக்குக் கட்டப்பட்டது, இங்கே தேவை 72 என்று நின்றுவிடுகிறது. நோட்டின் பேக்கேஜ் கருவியான என்பிஎம்மில் ரீபில்ட் செய்தும் தீரவில்லை.

ரூட்வாசி

அந்த ரெண்டு எண்ணே பதில். 127 என்றால் நோட் 22, 72 என்றால் நோட் 12. உபுண்டு 22.04 ரெப்போவுல இருக்கும் நோட் 12 தான் உங்க சர்வீஸை ஓட்டுது. 22ஐ என்விஎம்ல (நோட் வெர்ஷன்களை மாத்துற கருவி) போட்டிருப்பீங்க. என்விஎம் பாஷ்ஆர்சி வழியா ஷெல்லுக்குள்ள வர்ற ஃபங்ஷன், சிஸ்டம்டி அந்த ஃபைலைப் படிக்கிறதே இல்லை. நீங்க ரீபில்ட் பண்ணினதும் டெர்மினல்ல, அதாவது 22ல. அதனால மறுபடி மறுபடி 127தான் வந்திருக்கும்.

எக்ஸெக்ஸ்டார்ட்ல நோட் 22 பைனரியோட முழுப் பாத்தை எழுதுங்க. என்பிஎம் ஸ்டார்ட் வழியா ஓட்டுறீங்கன்னா அது போதாது, உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட் "என்வ் நோட்"ன்னு பாத்ல தேடும். யூனிட்ல என்விரான்மென்ட் வரியில அந்த பின் ஃபோல்டரை பாத்தோட தொடக்கத்துல சேருங்க, டீமன்-ரீலோட், ரீஸ்டார்ட். வேற எதுவும் அந்த நோட் 12ஐ நம்பி இல்லேன்னா அந்தப் பேக்கேஜையும் நீக்கிடுங்க. அது 2022 ஏப்ரலோட ஆதரவு முடிஞ்ச வெர்ஷன்.